மேற்படியாரும் நாற்பது பெட்டிப் பீங்கானும்

மேற்படியார் என்றொரு இனம் இருக்கிறது. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். கீழே செருப்புக் கடை, மாடியில் டியூஷன் சென்டர் என்றிருக்கும் ஏதாவது ஒரு கட்டிடத்தின் வாசலில் சாயங்காலம் எட்டு மணிக்கு நின்று பாருங்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் அட்டை போட்ட தடிப் புத்தகம், உலகச் சந்தையே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது என்ற களைப்பு முகத்தில், படியில் ஒவ்வொரு காலாக யோசித்து வைத்து இறங்கி வருகிறாரே, அவர்தான். பொருளாதாரத்தையும் வணிகக் கடிதத்தையும் வைத்து ஆறே மாதத்தில் பிசினஸ் இங்கிலீஷ் சொல்லித் தருவதாக அங்கே போர்டு தொங்கும். ஆறு மாதத்தில் இங்கிலீஷ் உள்ளே வருகிறதோ இல்லையோ, உள்ளே இருந்த மனிதர் காலி செய்துகொண்டு போய்விடுகிறார்.

நம்முடைய மேற்படியார் சரக்குக் கிடங்கு ஒன்றில் வண்டி நம்பர் எழுதுகிறவர். தையற்கடை வைத்திருக்கும் அக்காவோடு ஒரே வீட்டில் வாசம். குளிக்கப் போகும்போது “மேற்படி துண்டு எங்கே?” என்பார். சாப்பிடும்போது “மேற்படி பதார்த்தத்தில் உப்பு போதவில்லை” என்பார். தெரு சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது. அதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டதுதான் தெருவுக்குக் கிடைத்த தோல்வி.

பொருளாதாரப் பாடம் நடந்த மாதம் இன்னும் கொடுமை.

“அக்கா, ஒரே பொருளை அடுத்தடுத்து நுகர்ந்தா அதுல கிடைக்கிற திருப்தி குறைஞ்சுகிட்டே வரும், தெரியுமா?”

“அப்ப ரெண்டு டீயோட நிறுத்திக்க.”

அந்த விதி அத்தோடு வாபஸ்.

அக்காவுக்கு நாக்கு நீளம்தான். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மட்டும் அவள் கேலி செய்ததில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று தரம் தோற்று, ரிசல்ட் வரும் நாளெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்ட பையன் அவன். தட்டில் சோறு போட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். டியூஷன் சென்டர்க்காரன் கொடுத்த சான்றிதழ்தான் தம்பி பெயர் அச்சில் வந்த முதல் காகிதம். துணி வெட்டும் மேசைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், நேராக மாட்டியிருக்கிறாள்.

விவகாரம் புது மெஷினில் ஆரம்பித்தது. துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின். அக்கா ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்றிருபது சீருடை தைத்துத் தர ஒப்புக்கொண்டு, அந்த முன்பணத்தில் வாங்கினாள். பள்ளி திறக்க ஒன்றரை மாதம். அதற்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போகும், முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மெஷினோ முதல் நாளே துணியைக் கடித்துக் கடித்துத் துப்பியது. கம்பெனிக்கு போன் செய்தாள். புகார் எதுவானாலும் இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

மேற்படியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே பிறந்தார்.

“மெஷின் துணியைக் கடிக்குது, உடனே ஆள் அனுப்புங்கன்னு எழுதுடா. ரெண்டு வரி போதும்.”

“எடுத்த எடுப்புல விஷயத்தைச் சொன்னா படிக்காதவங்கன்னு நினைப்பாங்கக்கா.”

“பின்ன எப்பதான் விஷயம் வரும்?”

“கடைசிப் பாராவுக்கு முந்தின பாரா.”

புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் புகார்க் கடிதத்துக்கு மாதிரி இருக்கிறது. கப்பலில் வந்த நாற்பது பெட்டிப் பீங்கான் தட்டுகளில் பதினொரு பெட்டி உடைந்துபோன சோகம் அது. மேற்படியார் முதல் வரியில் பீங்கானை எடுத்துவிட்டு ஓவர்லாக் மெஷினை வைத்தார். மற்றதைத் தொடவில்லை. மாதிரிக் கடிதத்தில் கை வைப்பதா? ஆக, இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும் கம்பெனியிலிருந்து அக்காவின் மெஷின் நாற்பது பெட்டிகளில், கடல் வழியாக, கொந்தளிப்பில் சிக்கி வந்து சேர்ந்தது. வழியில் உள்ள ஒரே தண்ணீர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. கையெழுத்துக்கு மேலே நாலு வரி இடம் விட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. படித்தவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

“ஆள் அனுப்புறாங்களாடா?”

“அதெல்லாம் இல்லக்கா. நாற்பத்திரண்டாம் பக்கத்தை அப்படியே எழுதியிருக்காங்க, ஒரு கமா விடாம. அங்க இருக்கறவரும் நம்ம புக்கு படிச்சவர். தரமான ஆளு.”

“என்ன கேட்டிருக்காரு அந்தத் தரமான ஆளு?”

“கப்பல் கேப்டன்கிட்ட ஒரு சாட்சிக் கடிதம்.”

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

இவர் நாற்பத்துமூன்றை அனுப்பினார். அவர் நாற்பத்துநான்கை அனுப்பினார். சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சண்டை போட்டால் என்ன ஆகும்? பாடம் முடிந்ததும் சண்டையும் முடிந்துவிடும். முப்பத்தைந்தாம் நாள், இரு தரப்புக்கும் திருப்தியாக விவகாரம் தீர்ந்ததில் மகிழ்ச்சி என்று கம்பெனி எழுதியது. நன்றிக் கடிதம் அடுத்த பக்கத்திலேயே தயாராக இருந்ததால் மேற்படியாரும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார். மெஷின் அன்றைக்கும் ஒரு காலரைக் கடித்துத் துப்பியது. தைக்காத சீருடை தொண்ணூறு மிச்சம்.

மறுநாள் தம்பி வேலைக்குப் போனதும் அக்கா மெஷினைப் பழைய போர்வையில் மூட்டை கட்டி, இரண்டு பஸ் ஏறி இறங்கி, கடைப் பெயரைச் சொல்லி கம்பெனிக் கடிதப் பிரிவு மேசையில் தொப்பென்று வைத்தாள். மேசைக்குப் பின்னால் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு ஒருவர். பக்கத்தில் அதே தடிப் புத்தகம்.

“தட்டு விஷயந்தான் முடிஞ்சு போச்சேம்மா” என்றார், மிகுந்த மரியாதையோடு.

“முடிஞ்சுது. இப்ப மெஷினைப் பாருங்க.”

உள்ளேயிருந்து மெக்கானிக் வந்தார். போர்வையைப் பிரித்து, திருகாணி ஒன்றை முடுக்கி, ஊசிக்குக் கீழே ஒரு சின்ன உறுப்பை மாற்றினார். ஏழு நிமிஷம். துண்டுத் துணியின் ஓரம் கோடு கிழித்தது போல் தைத்து வந்தது.

“யாரோ தட்டு உடைஞ்சுதுன்னு எழுதிட்டே இருக்காங்கன்னாரு இவரு. நாமதான் தட்டே விக்கறதில்லையேன்னு நானும் ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கறேன்” என்றார் மெக்கானிக்.

சாயங்காலம் தம்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஆள் வந்தாங்களாக்கா?”

“சரி பண்ணிட்டாங்க.”

“லெட்டரைப் பாத்துட்டுத்தானே?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

“பின்ன? அந்த நன்றிக் கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் மனசு கேக்கலையாம்.”

தம்பி அன்று இரண்டாவது டீயே கேட்கவில்லை. பட்டன் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, தொண்ணூறு சட்டைக்கும் எண்ணிப் பிரிக்க ஆரம்பித்தான்.

சிரித்தாயிற்றா? ஒரு சின்ன வேலை பாக்கி. நீங்கள் பள்ளியிலும் ஆபீசிலும் இதுவரை எழுதிய விடுப்புக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். வீடு மாற்றிய அன்றைக்கு, மச்சானை ஊருக்கு அனுப்பிய அன்றைக்கு, சும்மா தூங்க வேண்டும் போலிருந்த அன்றைக்கு, ஒவ்வொரு தடவையும் உங்களுக்குக் கடுங்காய்ச்சல், அதனால் வர இயலவில்லை. அந்தக் காய்ச்சல் உங்களுடையதா, நாலாம் வகுப்புப் புத்தகத்தினுடையதா? தொட்டுப் பாருங்கள், மேற்படியாரே. நெற்றி ஜில்லென்று இருக்கும். பீங்கான் மாதிரி.