கடற்கரையில் காய்ச்சிய இரும்பு

அமெரிக்காவுக்குப் போயும் நயாகராவைப் பார்க்க மறுத்த ஒரே தமிழர் எங்கள் உலை அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். மகள் வீட்டுக்குச் சென்றவர், முற்காலத்தில் இரும்பு காய்ச்சிய ஒரு சிற்றூரை அப்படியே பாதுகாத்து வைத்திருப்பதைக் கண்டார். விடுமுறை முழுவதையும் அங்கேயே கழித்துவிட்டார். கரி சுடுபவர்கள், துருத்தியை இயக்கிய நீர்ச்சக்கரம், ஒரே உலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் என்று, சவுதியில் நாங்கள் வாழும் அல் கோபாருக்குத் திரும்பியபின் அவரிடம் வேறு பேச்சே இல்லை. பிறந்தநாள் கேக்கைக்கூட அந்த உலையின் உயரத்தைச் சொன்ன பிறகே வெட்டவிடுவார்.

அவருக்கு இரும்பாலையின் கட்டுப்பாட்டறையில் வேலை. உலையோ வேறொரு கட்டடத்தில். ஓய்வு நெருங்கியபோது தம் ஆசையை என்னிடம் சொன்னார்.

“இம்புட்டு வருசமா ஸ்கிரீன்ல நம்பரத்தான் பாத்திருக்கேன் டீச்சர். இரும்பு ஒழுகுறத ஒருதடவ கண்ணால பாக்காம ஃபைனல் எக்ஸிட் விசாவுல ஒரேயடியா ஊருக்குப் போனா, அங்க என்ன வேல பாத்தேன்னு சொல்ல?”

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு மூட்டை கரியோடு கடற்கரைக்கு வரும்படி எல்லாருக்கும் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை, கடற்கரை, கரி: வளைகுடாவில் இதற்குப் பொருள் ஒன்றுதான். குடும்பங்கள் அனைத்தும், கரியில் சுட மசாலா தடவிய கோழியோடு வந்து இறங்கின. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு செங்கல் உலை நின்றிருந்தது.

கோழிகளைக் கண்டும் அண்ணன் தளரவில்லை. பொறியாளர்கள் கரி சுமந்தார்கள். வங்கிக்காரர் தாதுக்கல் உடைத்தார். தாதுவிலிருந்து கசடைப் பிரிக்கும் சுண்ணாம்புக்காகப் பெண்கள் நாங்கள் கிளிஞ்சல் பொறுக்கினோம். அந்த ஊரிலும் எல்லாரும் உலைக்குத்தான் உழைத்தார்கள் என்று அண்ணன் பெருமையோடு அறிவித்தார். காயல்பட்டின வழக்கப்படி நாங்கள் ‘காக்கா’ என்று மரியாதையாக அழைத்த மளிகைக்கடைக்காரர் மட்டும் கோழிச் சட்டியை மடியில் வைத்தபடி அசையாது அமர்ந்திருந்தார்.

“இரும்பு வெந்ததும் எனக்கு லெக் பீஸா எடுத்து வைங்கண்ணே.”

துருத்தியை மட்டும் அண்ணன் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. காற்று ஒரு கணம் நின்றாலும் இரும்பு உள்ளேயே உறைந்துவிடும் என்று அஞ்சினார். அதனால், மாலையில் என் கணவர் உலையின் அடிவாயைத் திறந்தபோது, அண்ணன் உலைக்குப் பின்னால் குனிந்து துருத்தியை அழுத்திக்கொண்டிருந்தார்.

“இரும்பு வந்துட்டா? என்ன நெறம்?” என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

அவர் நின்ற இடத்திலிருந்து உலையின் வாய் தெரியாது. காக்கா சட்டியை மணலில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

“நவுருங்கண்ணே. காத்த நான் பாத்துக்கிடுறேன். நீங்க போயி ஒங்க இரும்பப் பாருங்க.”

அண்ணன் ஓடிவந்து மண்டியிட்டார். விரல் பருமனில், செம்மஞ்சளாக, மணல் வாய்க்காலில் இரும்பு மெல்ல ஊர்ந்து வந்தது. அதை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அதன் ஒளி விழுந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.