ஒற்றை விரல் ஹோல்ராய்ட்

மனிதரில் ஒற்றை விரலர் என்றொரு இனம் உண்டு. மற்றபடி குறை சொல்ல முடியாதவர்கள். வரி கட்டுவார்கள், நாய்க்கு வேளைக்குச் சோறு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலர் மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்கள். ஆனால் ரேடியோ பேசும்போது நீங்கள் வாயைத் திறந்துவிட்டால், தலை திரும்பாது, கண் அசையாது, வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்து நிற்கும். அவ்வளவுதான். வீடு பற்றி எரிகிறது என்று சொல்ல வந்திருந்தாலும் விரல் இறங்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

யார்க்‌ஷயரின் ஆலைத் தெருக்களில் சைக்கிள் மிதித்துப் பிரசவம் பார்த்தவள் நான். தெருவுக்கு இரண்டு விரலராவது தேறுவார்கள். அவர்களில் முழுமையானவர் ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர் சிரில் ஹோல்ராய்ட். விரல் காட்டியே வண்டிகளை நிறுத்திப் பழகிய மனிதர். வண்டி போன பிறகும் விரல் வீட்டுக்கு வந்துவிட்டது.

அவருடைய மகள் ஐவிக்கு வலி எடுத்த நாளில் காலையிலிருந்தே அந்த வீட்டில் இருந்தேன். ஐவியின் கணவன் பட்டாளத்தில் இருந்ததால் அவள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு விரலரின் முழு நாளையும் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

காலையில் ரேடியோவில் கப்பல்களுக்கான வானிலை. ஹோல்ராய்ட் கப்பல் ஏறியவர் அல்ல. ஆனாலும் வடகடலில் காற்று பலமாக இருக்கும் என்று கேட்டதும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அடுத்து ஆலைத் தொழிலாளருக்கான உற்சாக இசை. போக ஆலை இல்லாத அவர் பூட்ஸைக் கட்டிக்கொண்டு தாளம் போட்டார். அப்புறம் விவசாயிகளுக்கான பேச்சு, அதில் பன்றிக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுவிட்டு, பன்றியே இல்லாத அந்தத் தெருவில் பன்றிகளுக்காகக் கவலைப்பட்டு, அந்தக் கவலையோடே வினாடி வினாவுக்கு வந்து, ஒவ்வொரு விடையையும் அறிவிப்பாளர் சொன்ன மறு நொடியே "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று சொல்லி, நடுவில் மனைவி வின்னி உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டதற்கு விரலைத் தூக்கினார். உருளைக்கிழங்கு கரிந்தது. அதற்கும் விரல்தான்.

அந்த வீட்டில் தேநீர் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிகழ்ச்சிகளுக்கு இடையே ரேடியோ வயலின் வாசித்தால் தேநீர். பேச்சு நீண்டால் தாகம்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். சிக்கல் என்னவென்றால் அந்த வீட்டில் குளிர்காயக் கணப்பு அடுப்பு இருந்த ஒரே அறை ரேடியோ இருந்த அறைதான். ஐவியின் கட்டிலும் அங்கேதான். மேலே தொங்கிய விளக்கின் ஹோல்டரில் இரட்டைக் கவை மாட்டி, ஒரு பக்கம் பல்பு, மறு பக்கம் ரேடியோ வயர். வீட்டில் வேறு மின்சார இணைப்பு கிடையாது. பெட்டியை நகர்த்தினால் அது ஊமை.

அன்றைக்கென்று பார்த்து ஒரு நகைச்சுவைத் தொடரின் கடைசிப் பகுதி. ரயிலே வராத ஒரு ஸ்டேஷன். அதற்கு ஒரு மாஸ்டர். பயணிகள் கேட்கும்போதெல்லாம் "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பார், அரங்கமே சிரிக்கும். குளிர்காலம் முழுக்க இது நடந்தது. கடைசிப் பகுதியில் ரயில் வருமா வராதா? ஹோல்ராய்டுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சாயங்காலம் அவரை நான் வெளியே அனுப்பினேன். ஆண்கள் பிரசவ அறையில் நிற்பது அங்கே வழக்கமில்லை. அவர் மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பேசட்டும், கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாவித் துவாரம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். நான் ஐவியைப் பார்த்தேன்.

"விடுங்க நர்ஸம்மா," என்றாள் அவள், தலையணையைப் பிசைந்துகொண்டே. "நிறுத்துனா நிமிஷத்துக்கு ஒருதரம் கதவத் தட்டி ரயில் வந்துச்சான்னு கேப்பாரு. அதுக்கு இதே தேவல."

துவாரத்தில் காதை வைத்து உட்கார்ந்திருக்கும் மனிதர், நடையில் உலாத்தும் மனிதரைவிடத் தொல்லை குறைவு. சரி என்றேன். வின்னி மட்டும் ஒரு மேஜை விரிப்பை எடுத்து வந்து ரேடியோவை முழுக்க மூடி, நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினாள்.

"உள்ள அத்தனையும் ஆம்பளைங்க குரல்," என்று எனக்கு விளக்கம் சொன்னாள். "எம்மக நெலம அவங்களுக்குத் தெரிய வேணாம்."

தொடர் ஆரம்பித்தது. வலியும் நெருங்கியது. இன்னும் எவ்வளவு நேரம் என்று ஐவி என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லும் முன் விரிப்புக்கு அடியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்றார். அரங்கம் சிரித்தது. படிக்கட்டிலும் ஒரு சிரிப்பு. ஐவி தலைவாரும் பிரஷை எடுத்துப் பெட்டியின் மேல் எறிந்தாள். நல்ல குறி. அவளுக்குத் தெம்பு இருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது.

குழந்தை பிறந்தது. பெண். ஆனால் அழவில்லை.

நீல நிறம். துவண்ட உடம்பு. இது எனக்குப் புதிதல்ல. வாயைத் துடைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, துவாலையால் முதுகைத் தேய்க்க வேண்டும், பிறகு மூச்சைக் காதால் கேட்க வேண்டும். பெட்டியோ கூரை இடிகிறமாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி வின்னியிடம் சொன்னேன்.

மகளைத் தாங்கிப் பிடித்திருந்த வின்னி அப்படியே நின்றாள். "எதைத் திருகணும்னு எனக்குத் தெரியாதே நர்ஸம்மா. ஒரு நாளும் அவரு என்ன அதத் தொட விட்டதில்ல."

"ஹோல்ராய்ட், உள்ள வந்து அத நிறுத்துங்க," என்றேன் கதவைப் பார்த்து.

வந்தார். அங்கேதான் அந்தத் தெருவின் நல்லொழுக்கம் குறுக்கே நின்றது. மகள் இருக்கும் கோலத்தைப் பார்க்கக் கூடாதென்று கண்களை இறுக மூடிக்கொண்டு வந்தார். கட்டிலைத் தாண்டிப் பெட்டிக்குப் போக அவரால் முடியவில்லை. கதவோரம் தட்டுப்பட்ட நாற்காலியில் ஏறினார், மேலே தடவினார், ஹோல்டரில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்துத் திருகிப் பிடுங்கினார்.

அகப்பட்டது பல்பு.

அறை இருண்டது. ஹோல்ராய்ட் சூடு பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார். ரேடியோ முன்னிலும் தெளிவாகப் பேசியது. தண்டவாளம் அதிர்கிறது என்று யாரோ அதில் சொன்னார்கள். தூரத்தில் ரயில் மாதிரி ஒரு சத்தம்.

நான் கணப்பு வெளிச்சத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே, இருட்டில் இனிக் கண்ணை மூட வேண்டியதில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கட்டிலைச் சுற்றி ஓடுவதும், விரிப்பு கிழிவதும் கேட்டது. எந்தத் திருகு என்று அந்தக் கைக்கு விளக்கில்லாமலே தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் "அதோ" என்று ஆரம்பித்தார். டக்கென்று நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் சிறிதாக ஒரு விக்கல். பிறகு, பூனைக்குட்டி போல ஓர் அழுகை. அது பலத்துப் பலத்து அறையை நிறைத்தது.

உடனே அடுத்த வீட்டுச் சுவரில் தட்டல். ஒற்றைச் செங்கல் சுவர். சக்டன் மாமியின் குரல் தெளிவாக வந்தது. "ஹோல்ராய்ட், அங்க என்ன சத்தம்? ரயில் வர்ற நேரம். ஒண்ணும் கேக்கல."

ஹோல்ராய்ட் சுவரை நோக்கித் திரும்பினார். கணப்பு வெளிச்சத்தில் பார்த்தேன், வெந்த விரல் தானாக மேலே எழுந்தது.

"ரயில் கெடக்கட்டும்," என்றார். "உங்க பெட்டியக் கொறைங்க. எம்பேத்தி பேசறா."

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் நான் அவர் விரல் கட்டை மாற்றப் போனபோது, தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொல்ல வாயெடுத்தேன். வெள்ளைக் கட்டுப் போட்ட விரல் எழுந்தது. குழந்தை கொட்டாவி விட்டது. இப்போது விட்டது நேற்று விட்டதைவிட எப்படி நயமானது என்பதை எனக்கு விளக்கிவிட்டுத்தான் கையை நீட்டினார். நிலையம் மாறியிருந்தது. விரல் அதேதான்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை. ஆனால் ஒன்று. இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு உள்ளேயிருந்து உங்களை யாரோ கூப்பிட்டார்கள். ஒருவேளை இரண்டு தரம். நீங்கள் திரும்பவில்லை. உங்கள் வலது கை இப்போது எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.