கும்பிட்டபோது ஓடிய கார்

செல்போனில் வரும் கேம் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளம்பரத்தில் ஒரு விரல் அப்படியும் இப்படியும் அசையும். கோட்டை பிடிபடும், புதையல் கொட்டும். ஆசைப்பட்டு இறக்கினால் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நிற்கும், மேலே போகக் காசு கேட்கும். "இந்தக் காலத்துலதான் இப்படியெல்லாம் ஏமாத்துறாங்க" என்று என் பேத்தி அலுத்துக்கொள்கிறாள். இந்தக் காலத்திலா? இதே பித்தலாட்டத்தில் நான் எண்பதுகளிலேயே விழுந்து எழுந்தவன். (எழுந்தேனா என்பதை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பி.காம். படித்துவிட்டுத் தேனியில் அப்பாவின் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுப்பதைப் பெரிய அவமானமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு வீடியோ கேம் கடையைப் பார்த்ததிலிருந்து பைத்தியமே பிடித்துவிட்டது. பார்த்தேன் என்றால், ஆடுகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு ஓர் அறை காலியாகக் கிடந்தது. அது மட்டும் கிடைத்தால் கம்பத்தின் முதல் வீடியோ கேம் கடைக்கு நான்தான் முதலாளி.

மாமனார் உரக்கடைக்காரர். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். "டிவிப் பெட்டிக்குள்ள கார் ஓட்ட எவன் வருவான், மாப்ள?" என்று கேட்டார். சரி, காட்டிவிடுவோம் என்று அவரையும் என் மனைவி செல்வியையும் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மரணக்கிணற்றுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நாலைந்து மெஷின் வைத்திருந்தார்கள். வாசலில் டிக்கெட் எடுத்தோம். ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தால் ராட்டினம் சுற்றுகிறது, மரணக்கிணற்றுக்கு எடுத்தால் பைக் ஓடுகிறது; இதற்கும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். உள்ளே தனியாக டோக்கன் வாங்கிப் போட வேண்டும் என்பது, தோளுக்குப் பின்னால் நின்று கற்ற மேதைக்குத் தெரியவில்லை.

ஸ்டீயரிங் வைத்த மெஷின் ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து பிடித்தேன். கார் கிளம்பியது. அடடா, என்ன ஓட்டு! லாரிகளுக்கு நடுவே புகுந்து, பாலத்தைத் தாண்டி, வளைவுகளில் வளைந்து பறந்தது. நானும் குமுளி மலைப்பாதை பஸ் டிரைவர் மாதிரி உடம்பையே சாய்த்துச் சாய்த்துத் திருப்பினேன். திரைக்கு அடியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து விட்டு விட்டு மின்னியது.

"அது என்ன மாப்ள, மினுக்கு மினுக்குனு?"

"கம்பெனி பேரு மாமா" என்றேன், படித்தே பார்க்காமல்.

"ஏத்தா செல்வி, மாப்ள கெட்டிக்காரருதான்த்தா!"

மாமனார் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பின்னால் கூட்டம் வேறு கூடிவிட்டது. அறை கிடைத்தாயிற்று என்று, பெயர்ப்பலகைக்கு என்ன கலர் அடிக்கலாம் என யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும், சின்னமனூரில் இருக்கும் மாமனாரின் அண்ணன்? புது மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தலையாட்டினால் சொந்தபந்தம் முழுக்கப் பேச்சாகிவிடும். சட்டென்று எழுந்து, இரண்டு கையையும் குவித்து, "வாங்க பெரிய மாமா" என்று கும்பிட்டேன்.

கார் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு லாரிகளை முந்தியது.

"இப்ப யாரு ஓட்டுறது?" என்று பெரிய மாமா நிதானமாகக் கேட்டார்.

மெஷின்காரர் ஓடி வந்தார். "அது ஆள இழுக்கச் சும்மா அதுவா ஓடுறது சார். அடியில மினுக்குறதே 'காசு போடு'ன்னுதான். டோக்கன் போட்டாத்தான் உங்க கைக்கு வரும்."

மானம் போகிறதே என்று டோக்கன் வாங்கிப் போட்டேன். கிளம்பிய வேகத்தில் லாரியில் முட்டினேன். அப்புறம் மரத்தில். அப்புறம் பாலத்திலிருந்து தண்ணீருக்குள். "ஏலே, அவரப் பிரேக்கப் புடிக்கச் சொல்லுலே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்பம் திரும்பும் பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டியதும் மாமனார் என் பக்கம் திரும்பினார். "சங்கடப்படாதீக மாப்ள" என்று ஆரம்பித்தார். "நீங்க புடிச்சு ஓட்டுனப்ப முட்டுச்சு. கும்புட்டப்பத்தான் நல்லா ஓடுச்சு. அறைய நான் செல்விக்குத் தாரேன். அவ கடைய ஓட்டட்டும். நீங்க வாசல்ல நின்னு வாரவுகளக் கும்புடுங்க."

கோபத்தில் இரண்டு நாள் மாமனார் வீட்டில் கை நனைக்கவில்லை. ஆனால் அதுதான் நடந்தது. அந்த அறையில் செல்வி, வீடியோ கேம் அல்ல, ரெடிமேட் துணிக்கடை வைத்தாள். கடை அமோகமாக ஓடியது. நான் வாசலில் நின்று கும்பிட்டேன். வீட்டு விசேஷங்களில் யாரையாவது நான் வரவேற்றால் போதும், "கார் கிளம்பிருச்சுடோய்" என்று மாமனார் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு அந்தக் குரல் கேட்காத விசேஷம் எனக்கு விசேஷமாகவே படவில்லை.

அவர் இறந்தபோது கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். தலைமாட்டில் கதறிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தாள். "யப்பா, ஒங்க மாப்ள கும்புடுறாகப்பா, எந்திரிச்சுப் பாருங்கப்பா..." என்று அழுதுகொண்டே ஆரம்பித்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சாவு வீடே சிரித்தது. குவித்த கையைக் கீழே போடாமல் நானும் சிரித்தேன்.