காற்றுக்கு எத்தனை புள்ளி?

கோபம் வந்தால் எல்லோருக்கும் அறிவு போகும். எனக்கு வரும். என்ன, பத்து நிமிடம் தாமதமாக வரும்.

அடையாற்றில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். நங்கநல்லூரிலிருந்து கஞ்சி போட்ட காட்டன் புடவையில் மொடமொடவென்று போயிருந்தேன். புள்ளியியல் இயக்கவியல் என் பாடம். (பாடம் என்றால், மனப்பாடம்.)

துறைத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த ரூம் காத்து மொத்தத்துக்கும் ஃபேஸ் ஸ்பேஸ்னு ஒரு கற்பனை வெளி வெச்சுக்குவோம். ஒவ்வொரு மூலக்கூறோட இடத்துக்கும் உந்தத்துக்கும் தனித்தனி அச்சு. இப்போ, இந்த நிமிஷத்துக் காத்தைக் காட்ட எத்தனை புள்ளி வைப்பீங்க?"

"மூலக்கூறு எத்தனையோ அத்தனை, சார்." பலகைக்கு அம்மை போட்டதுபோல் புள்ளி வைத்தேன்.

"அப்போ என்செம்பிள்னா என்னம்மா?"

"அது அடுத்த பாடம், சார்."

அவர் சிரித்தார். பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அம்மையாரும் சிரித்தார். "நீங்க போகலாம்."

பஸ் ஸ்டாப்பில் நின்று கொதித்தேன். அந்த ஆள்மேல், அந்தப் பிஸ்கட்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். அதே நேர்காணலை மனத்துக்குள் ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்தேன். அதே அறை, அதே ஆட்கள். ஒன்றில் திக்குகிறேன், ஒன்றில் அழுகிறேன், ஒன்றில் டஸ்டரை எறிகிறேன். (அதில் கொஞ்ச நேரம் தங்கினேன்.)

பளீரென்றது. அட, இதுதானே என்செம்பிள்! ஒரே அமைப்பின் கற்பனை நகல்கள். ஒவ்வொரு நகலின் முழு நிலைமைக்கும் ஒரு புள்ளி. அப்படியானால் அந்த அறைக் காற்று முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான்!

திரும்பி ஓடினேன். "இன்னாமா, இப்பத்தானே போனே?" என்று வாட்ச்மேன் கேட்டு முடிப்பதற்குள் மாடி ஏறிவிட்டேன். கதவைத் தள்ளிக் கத்தினேன்.

"ஒரே புள்ளி, சார்! கோடானுகோடி மூலக்கூறுக்கும் சேர்த்து ஒரே புள்ளி! நகலுக்கு ஒண்ணா வெச்சா என்செம்பிள்!"

பலகை முன்னால் ஓர் இளைஞர் சாக்பீஸோடு விழித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அதே கேள்வி.

"கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா," என்றார் தலைவர்.

சாத்தும்போது அந்த இளைஞரின் நிதானமான குரல் கேட்டது. "கரெக்ட் சார். ஒரே புள்ளிதான்."

வேலை அவருக்கு.

எனக்கு வேறு கல்லூரியில் வேலை கிடைத்து வருடங்களாகிவிட்டன. இன்றும் இந்தப் பாடம் நடத்தும் நாளில் கையில் நாலு சாக்பீஸாவது உடைகிறது. வீட்டிலோ, போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்:

"மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்டுப் பையன் வேலை தேடிட்டிருக்கான்."