தேதிக்கு முன்பே வந்த அற்புதம்

மார்ச் 13, வெள்ளி

தவறு என்னுடையதுதான். ஞாயிறு காலை வெளியாக வேண்டிய பதிவுக்கு வெள்ளி காலை என்று குறித்துவிட்டேன். தீர்க்கதரிசி எலிகெம்மின் பெருங்கூட்டம் நாளைக்குத்தான். அவருக்கு விளம்பரம் எழுதுபவள் நான். கூட்டத்தின் வெற்றிச் செய்தியையும் அவர் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவார். இன்று காலை எங்கள் ஹோ நகரமே அதைக் கைபேசியில் படித்தது: "நேற்றைய கூட்டத்தில் பதினோரு பேர் குணமடைந்தனர்! மோட்டார் சைக்கிள் மோதி நான்கு மாதம் நொண்டிய அக்பேகோ துள்ளி ஓடினார்!"

பதினோரு பேரையும் பெற்றெடுத்தவள் நான். பத்தாவது பெயரோடு கற்பனை வற்றிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு யாவா அக்காவின் கிடா நொண்டிக்கொண்டு போனது. அக்பேகோ என்ற அதன் பெயரையும், மோட்டார் சைக்கிள் மோதிய வரலாற்றையும் அப்படியே எழுதிவிட்டேன்.

நேற்று எந்தக் கூட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தீர்க்கதரிசியிடம் அழுதுகொண்டே ஓடினேன்.

"ஐயா, தேதி தப்பாப் போச்சு."

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"

"ஒன்பதாயிரம், ஐயா."

"அப்புறம் எதுக்கும்மா அழுற? இன்னொண்ணு போடு. 'தேதிக்கு முன்பே வரும் அற்புதங்கள்!'"

போட்டேன். மாலைக் கல்லூரி வகுப்புக்குக் கிளம்பும்போது யாவா அக்கா வழிமறித்தார்.

"செனாம், பதினோரு பேராமே! நானும் வர்றேன். மேடையில பீப்பாய் இருக்காம், அதுல மருந்தப் போட்டாப் போதுமாம், நோய் ஓடிடுமாம். என் சக்கர வியாதி ஊசி மருந்த மொத்தமாக் கொட்டிடப் போறேன்."

"வேணாங்க்கா! அது நான் எழுதுனதுக்கா!"

"அதனாலதான் நம்புறேன். நீ படிச்ச பொண்ணாச்சே! கிடாவையும் கூட்டிட்டு வர்றேன். அதுக்கும் கால் நொண்டுதுல்ல."

மார்ச் 14, சனி

மைதானத்தில் கால்வைக்க இடமில்லை. தீர்க்கதரிசி கைபேசியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அக்பேகோ! நாலு மாசமா நொண்டுற அக்பேகோ! மேல வா!"

மூன்று பேர் நொண்டிக்கொண்டு ஏறினார்கள். ஒருவரைத்தான் அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

"நாந்தான் அக்பேகோ!"

"போடா, நாந்தான்!"

தீர்க்கதரிசி அசரவில்லை. "மூணு பேரும் அக்பேகோதான்!" கூட்டம் ஆமென் என்றது.

யாவா அக்கா மட்டும் தன் கிடாவின் பெயரைக் கேட்டுத் திகைத்துப்போனார். பீப்பாய்க்கு மேல் நீட்டிய கையில் மருந்து, வாய் பிளந்திருந்தது. நான் மேடைக்கு ஓடினேன். தீர்க்கதரிசியிடமிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி அக்காவிடம் நீட்டினேன். "அக்கா, உங்க அக்பேகோவக் கூப்பிடுங்க. யாரு வர்றாங்கன்னு பாப்போம்."

"அக்பேகோ! மரவள்ளித் தோலு திங்க வா!"

மூவரும் அசையவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிடா நொண்டி நொண்டி வந்து, மேடையேறி, தீர்க்கதரிசியின் வெள்ளை அங்கியைக் கடிக்க ஆரம்பித்தது.

"யோவ், என் ஆட்ட எப்பய்யா குணமாக்குன? இன்னும் நொண்டுதேய்யா!"

சிரிப்பு வெடித்தது. யாவா அக்கா மருந்தை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டார். மூன்று அக்பேகோக்களும் நொண்டாமல் ஓடினார்கள். இன்று நடந்த ஒரே குணமாதல் அதுதான். தீர்க்கதரிசி அவர்களையும் முந்திவிட்டார்.

வீடு திரும்பினால், யாவா அக்காவின் வாசலில் ஏழு பேர் வரிசை. கிடாவின் காலைத் தொட வேண்டுமாம். "தீர்க்கதரிசியவே ஓட வெச்ச ஆடாச்சேம்மா!"

நாளைய வேலை: அந்த வாசலுக்கு ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். "இது ஆடு. மருத்துவமனை அந்தப் பக்கம். யோசிக்க எங்கும் போக வேண்டாம். நின்ற இடத்திலேயே செய்யலாம்."