ஸ்டாக் இல்லாத அசிட்டோன்

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. வீட்டில் முதல் ஆளாகப் படித்தால் அது இரண்டு மடங்கு. எனக்கு மூன்று மடங்கு இருந்தது.

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு, கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்டர்வியூ. மேனேஜர் கேள்வியே கேட்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் லேப்ல நில்லும்மா. சாயங்காலம் சொல்றேன்" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. முந்திரிக்கொட்டை உடைத்தே என்னைப் படிக்கவைத்த அம்மா, பத்து மணிக்குள் மூன்று முறை போன் செய்துவிட்டார். ("வேல குடுத்துட்டாங்களாடி?")

பதினொரு மணிக்கு மேனேஜர், "ஸ்டோர்ல ரெண்டு லிட்டர் அசிட்டோன் வாங்கிட்டு வாம்மா. கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவணும், சீக்கிரம்" என்றார்.

அசிட்டோனா! நகப்பூச்சு அழிக்கிறவர்கள் சொல்லும் பெயர். கல்லூரியில் அப்படி எழுதினால் அரை மதிப்பெண் போய்விடும். எம்.எஸ்சி. வந்திருக்கிறாள் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? முறைப்படியான பெயரை, 'புரொப்பேன்-2-ஓன்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிச் சீட்டை நீட்டினேன்.

ஸ்டோர்கீப்பர் அண்ணன் சீட்டைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். "இருவது வருசமா இருக்கேன், இப்புடி ஒண்ணு இங்க வந்ததில்லியே பாப்பா. நீயே பாத்துக்க."

ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பக்கத்திலிருந்த நீலப் பீப்பாயில் சாய்ந்துகொண்டு, காலை ஆட்டியபடி 'பி' பக்கத்தைப் புரட்டினேன். பீனால் இருந்தது. பொட்டாசியத்தில் ஏழெட்டு இருந்தன. நான் கேட்டது இல்லை. ('ஏ' என்று ஓர் எழுத்து இருப்பதே அப்போது நினைவில்லை.)

ஓடிவந்து சொன்னேன்: "ஸ்டாக் இல்ல சார்."

"என்னது, அசிட்டோன் இல்லியா?" மேனேஜர் பதறிப்போய்ப் புதுச்சேரி டீலருக்குப் போன் போட்டார். பிறகு சந்தேகம் வந்து ஸ்டோருக்கே நடந்தார். பின்னால் நான்.

"அசிட்டோன யாரு சார் கேட்டா? இந்தப் பொண்ணு வேற என்னமோல்ல எழுதிக் குடுத்துச்சு!"

மேனேஜர் சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இதான் சரியான பேரு" என்றேன். (அப்போதும் விட்டேனா பாருங்கள்.)

"ஒண்ணா? அடப்பாவமே!" அண்ணன் நீலப் பீப்பாயைத் தட்டினார். "இது மேலயே சாஞ்சிகிட்டுத்தான இல்லன்னு தேடுன?" லேபிள் சுவர்ப் பக்கம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "வேல உண்டு. ஆனா மொத மாசம் லேப்ல இல்ல, ஸ்டோர்ல. எது எதுக்கு என்ன பேருன்னு அவர்கிட்ட கத்துக்க."

ஏன் ஸ்டோர் என்று அம்மா குடைந்து குடைந்து கேட்டதில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன்.

இப்போது லேபில்தான் இருக்கிறேன். ஆனாலும் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகி, சீப்பையோ சாவியையோ காணாமல் நான் வீட்டைத் தலைகீழாக்கும்போதெல்லாம், அம்மா முந்திரி உடைப்பதை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்கிறார்:

"எந்தப் பேர்ல தேடுற?"