கோணல் தையல்

"இது மெஷின் தையல்," என்று அதிகாரி பையைக் கீழே வைத்தார்.

பைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஊசியும் மெழுகு நூலுமாக அவர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பலகை பக்கத்திலேயேதான் கிடந்தது. கைவேலை என்று அதிகாரி சான்றிதழ் கொடுத்தால்தான் வட்டார வளர்ச்சித் திட்டத்தின் கடையில் அவருக்கு இடம். மரப்பட்டையில் பதப்படுத்திய தோல், ஆற்றைக் கெடுக்காத தொழில், உள்ளூர்க்காரர் என்று மற்ற கட்டங்களிலெல்லாம் டிக் விழுந்தாயிற்று. இது ஒன்று தவறினால் திங்கட்கிழமை முதல் பட்டணத்துச் செருப்புத் தொழிற்சாலைக்கு, அதுவும் மெஷின் பிரிவுக்கு, வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"கையாலதான் சார் தைச்சேன்."

"ஒரு தையல்கூட முன்னே பின்னே இல்லையே. மனுஷன் கைன்னா தப்பு வரணும்."

"இந்தப் பல்சக்கரத்தை உருட்டி ஓட்டைக்கு அடையாளம் வச்சுக்குவேன் சார்," என்று எடுத்துக் காட்டினார் பைக்காரர்.

"சக்கரமா? அப்ப இயந்திரம்தான்," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

பைக்காரர் சக்கரத்தைத் தூர வைத்துவிட்டு, வெறும் கண்ணளவில் ஒரு சாண் தைத்தார். அதுவும் கோடு போட்ட மாதிரி வந்து தொலைத்தது. அதிகாரி குனிந்து மேஜைக்கு அடியில் மெஷினைத் தேடினார்.

நூல் கொடுக்கும் சாக்கில் மனைவி காதைக் கடித்தாள். "ஏங்க, கொஞ்சம் கோணலாத்தான் தைங்களேன்."

"தைக்க மாட்டேன்னா சொல்றேன்? கை கேக்க மாட்டேங்குதே."

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தைத்தார். கட்டைவிரலில் இரண்டு குத்து விழுந்தது. தையல் கண்டபடி ஓடியது. அதைத் தான் பார்க்காமலே அதிகாரியிடம் நீட்டினார்.

"இதுதான் கைவேலை," என்றார் அதிகாரி. "ஆனா இதைத் தைச்ச கை அந்தப் பையைத் தைச்சிருக்க முடியாது. எங்கேயோ வாங்கி வச்சிருக்கீங்க."

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவம், யோசனை அவளுடையது.

அதிகாரிக்கும் மனசு இளகியது. தன் தோள்பையைக் கழற்றி நீட்டினார். "நான் என்ன எதிர்பார்க்கிறேன்னு உங்களுக்குப் புரியணும்ல. தலைநகர்க் கண்காட்சியில வாங்கினது. இந்த வாரைப் பாருங்க. ஒரு தையல் நீளம், ஒண்ணு குட்டை, நடுவுல முடிச்சு வேற. இப்படித் தைக்கிறவங்க இருந்தா இப்பவே சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடுவேன்." பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

நேரமாகிவிட்டது என்று சொல்ல வாசலில் வந்து நின்ற அதிகாரியின் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப எனக்குத்தான் சார் குடுக்கணும். போன வாரம் நீங்க கூட்டத்துல இருந்தப்போ வார் அறுந்துபோச்சு. திட்டுவீங்களேன்னு சாக்கு ஊசியால நான்தான் தைச்சு வச்சேன்."